நான் நோய் வளர்த்த வயல்

ஊரப்பாக்கத்தில் நானும் என் தோழியும் சேர்ந்து எடுத்திருந்த மாடி வீட்டில் ஒரே ஒரு ஃபிரிட்ஜ்தான் இருந்தது. மேல்தட்டில் இட்லி மாவு, தயிர், அவளுடைய அம்மா கொடுத்தனுப்பும் புளிக்காய்ச்சல். கீழ்த்தட்டு முழுக்க என்னுடைய நோய்கள். மதுராந்தகத்துக்கு அப்பால் ஒரு கிராமத்து வயலிலிருந்து நான் பறித்து வந்த நெல் இலைகள், செய்தித்தாளில் செய்த உறைகளுக்குள், தேதி எழுதப்பட்டு அடுக்கியிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் பாட்டில் எடுக்கக் குனிந்தால் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில், "கீழே மட்டும் கைவைக்காதீங்க" என்று கத்துவோம்.

நான் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது நெற்பயிரின் குலை நோய். அது ஒரு பூஞ்சணம். இலையில் முதலில் கண் மாதிரி ஒரு புள்ளி விழும், நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இலை கருகும். கதிர் வெளிவரும் நேரத்தில் கழுத்தில் பிடித்துவிட்டால் கதிரே பதராகிவிடும். என்னோடு தங்கியிருந்தவளுக்கு வானியற்பியல். பக்கத்திலிருக்கும் இன்னொரு விண்மீனைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டிருக்கிற ஒரு விண்மீனைப் பற்றி, செயற்கைக்கோள் அனுப்பும் எண்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தாள். தொலைநோக்கி வழியாக அவள் அதைப் பார்த்ததே கிடையாது. "நான் பாக்கறது எல்லாம் நம்பர்தான்டி. உனக்காவது தொட்டுப் பாக்க இலை இருக்கு" என்பாள்.

கீழ்வீட்டு அம்மாவுக்கு எங்கள் இருவரிடமும் வேலை இருந்தது. கறிவேப்பிலைச் செடியில் புள்ளி விழுந்தால் என்னைக் கூப்பிடுவார். கிரகணம் வந்தால் அவளைக் கூப்பிட்டு, எத்தனை மணிக்கு விடும், எப்போது குளிக்கலாம் என்று கேட்பார். அவள் நேரத்தை நிமிட சுத்தமாகச் சொல்லிவிட்டு, "குளிக்கறது உங்க இஷ்டம் ஆன்ட்டி" என்று சேர்த்துக்கொள்வாள்.

வாரத்துக்கு ஒரு நாள், பெரும்பாலும் வியாழக்கிழமை, நான் முதல் மின்சார ரயிலில் செங்கல்பட்டு போய், அங்கிருந்து பஸ் பிடித்து மதுராந்தகத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் அந்தக் கிராமத்துக்குப் போவேன். வயல் ஓர் அக்காவுடையது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவருடைய கணவர் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டினார். ஷிப்டு மாறி மாறி வரும். அதனால் நாற்று விடுவதிலிருந்து அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லி வைப்பது வரை எல்லாம் அக்காதான். முதல் நாளிலேயே என்னை "டாக்டரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். இன்னும் பட்டம் வாங்கவில்லை என்றேன். "வாங்காமயா போவப் போற? வா, நாஸ்தா துண்ணுட்டு அப்பறம் எறங்கு கயனில" என்றார். அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமைகூட நான் பசியோடு வயலில் இறங்கியதில்லை.

சாலையோரமாக இருந்த துண்டில் எனக்குப் பன்னிரண்டு பாத்திகள் கொடுத்திருந்தார். நான்கு பாத்திகளில், பயிருக்கு நன்மை செய்யும் ஒரு பாக்டீரியாக் கரைசலைத் தெளிப்பது. நான்கில் கடையில் விற்கும் பூஞ்சணக்கொல்லி. மீதி நான்கில் ஒன்றுமே செய்யாமல் நோயை அதன் போக்கில் விடுவது. எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தேன். ஒன்றும் செய்யாத அந்த நான்கு பாத்திகள்தான் ஆராய்ச்சிக்கு உயிர். அவற்றோடு ஒப்பிட்டுத்தான் மற்ற எட்டும் தேறியதா இல்லையா என்று சொல்ல முடியும். இதை அக்காவிடம் விளக்கியபோது அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த நாலுக்கு ஒன்னுமே செய்ய மாட்டியா?"

"மாட்டேன்க்கா. அப்படியே விட்டுடணும்."

"செரி" என்றார். அந்தச் சரியில் இழுவை இருந்தது. அப்போது எனக்கு அது கேட்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. பகலெல்லாம் மூட்டம், விடிந்து வெகுநேரம் வரை இலையில் ஈரம். குலை நோய்க்கு இதைவிடத் தோதான வானிலை கிடையாது. ஒரு வியாழக்கிழமை போய்ப் பார்த்தால், விட்டுவைத்த நான்கு பாத்திகளிலும் புள்ளிகள் கொட்டிக் கிடந்தன. ஒவ்வொரு பாத்தியிலும் அடையாள நூல் கட்டிய பயிர்களைக் குனிந்து குனிந்து எண்ணினேன். எண்ண எண்ண எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அந்த வருடம் நோய் வராமலே போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தவள் நான். வரப்பில் நின்றபடியே என் நெறியாளரைப் போனில் கூப்பிட்டு, "சார், நோய் சூப்பரா வந்திருக்கு சார்! எதிர்பார்த்ததைவிட நல்லா வந்திருக்கு" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பின்னால் அக்கா, கையில் எனக்கு டீயோடு. முகத்தில் சிரிப்பு இல்லை. டம்ளரை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தார். தன் பயிர் சாகிறதைப் பார்த்து ஒருத்தி துள்ளிக் குதிப்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அன்று நினைத்துப் பார்க்கவே இல்லை. டீ நன்றாக இருந்தது, குடித்தேன். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல். ரயில் ஏற முடியவில்லை. அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "ஒடம்ப பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். அதற்கடுத்த வாரம்தான் போக முடிந்தது.

ஆட்டோவிலிருந்து இறங்கியதுமே ஏதோ தப்பாகப் பட்டது. சாலையிலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியவேண்டிய கருகல் தெரியவில்லை. இறங்கி முதல் பாத்திக்குப் போனேன். பழைய இலைகளில் புள்ளிகள் அப்படியே காய்ந்து நின்றிருந்தன. புதிதாக வந்த இலைகள் சுத்தமாக இருந்தன. இலையின் மேல் வெள்ளையாகத் துளித்துளியாய் எதுவோ உலர்ந்திருந்தது. விரலால் தேய்த்து முகர்ந்தேன். மருந்து. இரண்டாவது பாத்தியும் அப்படித்தான், மூன்றாவதும் அப்படித்தான். அதற்குமேல் நான் நடக்கவில்லை.

அக்கா வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அக்கா, யார் மருந்து அடிச்சது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான்தான்."

"அந்தப் பாத்திக்கு அடிக்கக் கூடாதுன்னு சொன்னேனே. மறந்துட்டீங்களா?"

"மறக்கல. தெரிஞ்சேதான் அட்ச்சேன்." கீரையைத் தட்டில் வைத்தார். "இன்னா பண்ணச் சொல்ற? காலைல எழுந்து கதவத் தொறந்தா மொதல்ல அதான் கண்ணுல படுது. ரோட்டுல போறவன் வர்றவன்லாம், இன்னா உன் கயனி சீக்கு புட்ச்சி நிக்குது, நீ பாத்துகினு சும்மா கீறியான்னு கேக்குறான். என்னால முடில. மருந்து வூட்லயே கீது, அத வெச்சிகினு எப்டிம்மா பாத்துகினு இருப்பேன்?"

அவர் மறந்துவிட்டு அடித்திருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். "உங்களுக்குப் படிப்பைப் பத்தி என்ன தெரியும்? என் ஒரு வருஷம் போச்சு" என்றேன். குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். அக்கா மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார். உள்ளே எனக்காக இட்லி மூடி வைத்திருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது. நான் அப்படியே திரும்பி ஆட்டோவுக்கு நடந்தேன்.

ஊரப்பாக்கம் வந்து சேர்ந்தபோது என் தோழி வீட்டில் இருந்தாள். நடந்ததைச் சொல்லி அழுதேன். அவள் சோறு போட்டுக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை தன்னோடு திருக்கழுக்குன்றத்துக்கு வரச் சொன்னாள். அது அவள் ஊர். அவளுடைய அப்பா அங்கே பள்ளி ஆசிரியர். காலைப் பலகாரம் அவர்கள் வீட்டில் முடித்துவிட்டு, "வா, கடலப் பாத்துட்டு வரலாம்" என்று பஸ் ஏற்றி மாமல்லபுரம் கூட்டிப்போனாள்.

கோயில் பக்கம் கூட்டம் நெரிந்தது. நாங்கள் படகுகள் ஏற்றி வைத்திருக்கும் பக்கமாக நடந்துபோய் மணலில் உட்கார்ந்தோம். அவள் ஒரு குச்சி ஐஸ் வாங்கித் தின்றுவிட்டு, அந்தக் குச்சியால் மணலில் ஒரு கோடு போட்டாள். தொடர்ச்சியான கோடு இல்லை. கொஞ்சம் கோடு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி கோடு.

"இதுதான் என் விண்மீன். செயற்கைக்கோள் பூமியச் சுத்துதில்ல, ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்ச நேரம் பூமியே மறச்சிடும். அப்போ ஒன்னும் தெரியாது. என் மொத்த ஆராய்ச்சியும் இந்த ஓட்டைங்களுக்கு நடுவுலதான்."

"உன் விண்மீனுக்கு யாரும் மருந்து அடிக்கலையே."

"அடிக்கல. ஆனா திடீர்னு மங்கிடும். ஏன்னு தெரியாது. அதுகூட போய்ச் சண்ட போட முடியுமா? எப்போ மங்குச்சுன்னு குறிச்சிக்குவோம், அவ்ளோதான்." கோட்டின் நடுவே குச்சியை நட்டாள். "சரி சொல்லு. அந்தக்கா எந்த நாள் அடிச்சாங்க?"

"கேக்கலை."

"காலைலயா சாயங்காலமா?"

"தெரியாது."

"எத்தன டேங்க்? அப்பறம் மழ பேஞ்சுதா? நாலுக்கும் அடிச்சாங்களா?"

மூன்றைத்தான் பார்த்தேன் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "நாலாவதப் பாக்கவே இல்லியா? நீயெல்லாம் ஒரு ஆராய்ச்சி மாணவி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு நின்றதும் அவள் சொன்னாள்: "பாத்தி கெடக்கட்டும். அந்தக்காகிட்ட நீ பேசுனது தப்பு."

அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

அடுத்த நாளே இருவரும் போனோம். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக வயலில் இறங்கப்போகிறாள். புதுச் செருப்பு வேறு. வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

அக்கா எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். என்னை மட்டும் பார்த்து, "வாங்க" என்றார்.

ஆறு மாதமாக "வா", "துண்ணு", "எங்க போற" என்று பேசியவர். அந்த ஒரு "ங்க" என்னைத் தெருவில் நிறுத்திவிட்டது. தயாரித்துக்கொண்டு போயிருந்த வாக்கியமெல்லாம் மறந்துபோய், "அக்கா, நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "படிப்பப் பத்தி எனக்கு இன்னா தெரியும்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தவர் போலச் சொன்னார். "ஆனா ஒன்னு. நீ போன்ல சந்தோசமாச் சொன்ன பாரு, சீக்கு நல்லா வந்துகீதுன்னு. அன்னிலேந்து எனக்கு மனசு ஆறல. நம்ம பாசையில அதுக்கு வேற வார்த்தயே இல்லியா?"

"இருக்கும்க்கா. நான்தான் தேடலை."

அவர் என் தோழியின் பக்கம் திரும்பினார். "இது யாரு? இதுவும் நெல்லு படிப்பா?"

"இல்லக்கா, நான் நட்சத்திரம்" என்றாள் அவள்.

"ராசி நட்சத்திரமா?"

"அது இல்லக்கா. அது எவ்ளோ தூரத்துல இருக்கு, ஏன் மினுக்குதுன்னு."

"அத தெரிஞ்சிகினு இன்னா பண்ணுவ?"

"ஒன்னும் பண்ண முடியாதுக்கா. அதுக்கு மருந்தும் அடிக்க முடியாது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே என் தோளில் ஒரு அடி வைத்தார். "வா, காட்றேன்" என்றார்.

கேட்ட கேள்விக்கெல்லாம் அவரிடம் பதில் இருந்தது. அமாவாசைக்கு மறுநாள், காலையில், வெயில் வந்து இலை காய்ந்த பிறகு. கணவர் டூட்டி முடிந்து வந்திருந்தார். அவர்தான் மருந்து தெளிக்கும் டேங்கை முதுகில் தூக்கினார். ஒரு டேங்க் முழுசாக. "மூணு பாத்தி முட்ச்சிட்டு நாலாவதுக்குப் போவலாம்னு டேங்க ரொப்புறதுக்குள்ள மழ புட்ச்சிக்கிச்சி. அத அப்டியே வுட்டுட்டோம். நீதான் அன்னிக்கு அந்தாண்ட வரவே இல்லியே."

நாலாவது பாத்தி வாய்க்கால் ஓரமாகக் கடைசியில் இருந்தது. போய் நின்றேன். கருகிக் கிடந்தது. கதிர் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்த பயிரில் இரண்டொன்றுக்குக் கழுத்திலும் கறுப்பு விழுந்திருந்தது. அழகாக இருக்கிறது என்று நாக்கு வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அன்று மூன்று பேருமாகக் கணக்கெடுத்தோம். தோழியின் செருப்பு முதல் அடியிலேயே சேற்றுக்குள் போய்விட்டது. அக்கா தேடி எடுத்து வரப்பில் கவிழ்த்து வைத்தார். நான் பூஜ்யம் முதல் ஒன்பது வரை நோயின் அளவைச் சொல்ல, அவள் எழுதினாள். பாதியில் தானும் சொல்லிப் பார்க்கிறேன் என்று இறங்கி, ஓர் இலையைப் பிடித்து "இது ஏழு" என்றாள். அக்கா எட்டிப் பார்த்து, "அது குலையே இல்ல. பூச்சி சொரண்டின எடம்" என்றார்.

நெறியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீண்ட நேரம் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒப்பிட ஒரே ஒரு பாத்தி போதாது, அடுத்த சம்பாவில் முழுக்க மறுபடி செய்துதான் ஆகவேண்டும் என்றார். ஒரு வருடம் போனது போனதுதான். ஆனால் நோய் முற்றிய பிறகு ஒரே ஒரு முறை மருந்தடித்தால் என்ன ஆகும் என்பதற்கு நாள், நேரம், அளவு எல்லாவற்றோடும் தகவல் கையில் இருக்கிறதே, அதைத் தனியாக எழுதிப் பார் என்றார். எழுதினேன். காய்ச்சலில் விட்டுப்போன வாரத்தின் ஓட்டையை எப்படிக் கையாள்வது என்று என் தோழி சொல்லிக்கொடுத்தாள். அறுவடையின்போது மருந்தடித்த மூன்று பாத்திகளிலும் கதிர் ஓரளவு தப்பித்திருந்தது. வாய்க்கால் ஓரத்துப் பாத்தியில் கையில் பிடித்து உதறினால் பதர்தான் பறந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அடுத்த வருடம் வயல் கேட்டுப் போக எனக்கு வாய் வரவில்லை. அச்சரப்பாக்கம் பக்கம் வேறு யாரிடமாவது கேட்கலாம் என்றிருந்தேன். அக்காவே போன் செய்தார். "இன்னா, நாத்து வுடப் போறேன். உன் பங்கு எங்க கீதுன்னு பாக்க வர மாட்டியா?" ஆனால் இரண்டு நிபந்தனை போட்டார். சாலையோரத் துண்டு கிடையாது, உள்ளே தள்ளித்தான். அப்புறம், ஒரு போர்டு வைக்கவேண்டும். என்ன எழுதவேண்டும் என்றும் அவரே சொன்னார். மதுராந்தகத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போய் நட்டேன்: 'இங்கே உள்ள நோய் படிப்புக்காக விடப்பட்டது.' போகிற வருகிறவர்கள் நின்று படித்துவிட்டுச் சிரித்தார்கள். அக்காவுக்கு அதில் ஒன்றும் சங்கடமில்லை. யாரும் அவரைக் கேள்வி கேட்கவில்லை.

அந்த வருடம் பாக்டீரியாவை விதையிலும் நாற்றின் வேரிலும் முன்கூட்டியே சேர்த்துப் பார்த்தேன். பன்னிரண்டு பாத்திகளும் கடைசி வரை தப்பாமல் நின்றன. இன்னும் ஒரு வருடம் எழுத்து வேலைக்குப் போனது. அதற்குள் என் தோழி தன் ஆய்வேட்டை முடித்துவிட்டாள். பெங்களூரில் வேலை கிடைத்துப் போவதற்கு முந்தின வாரம் என் வாய்மொழித் தேர்வு வந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம் என்பது அதன் முறை. அக்காவையும் கூப்பிட்டிருந்தேன். கணவர் லீவு போட்டுக் கூட்டி வந்திருந்தார். பட்டுப்புடவையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் ஆங்கிலத்தில் பேசப் பேச, பக்கத்தில் உட்கார்ந்து என் தோழி காதோடு சொல்லிக்கொண்டிருந்தாள். திரையில் அந்த வயலின் படம் வந்தபோது, "நம்ம கயனி!" என்று அக்கா கணவரின் கையைத் தட்டியது முன் வரிசை வரை கேட்டது.

தேர்வாளர் தன் கேள்விகளை முடித்துவிட்டு, அவையில் யாருக்காவது கேள்வி உண்டா என்றார். வழக்கமாக யாரும் கேட்பதில்லை. அக்கா எழுந்து நின்றார்.

"ஒரு சந்தேகம். அந்த பாக்டீரியா தண்ணி அட்ச்சா, நெஜமாவே கேக்குமா? நான் அத நம்பிப் போடலாமா?"

அறையில் சிரிப்பு எழுந்தது. தேர்வாளர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. தமிழ்லயே சொல்லுங்க" என்றார் என்னிடம்.

மூன்று வருடமாக அந்த ஆராய்ச்சியை நான் தமிழில் முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. முதல் இரண்டு வாக்கியம் தடுக்கியது. பிறகு அக்காவை மட்டும் பார்த்துச் சொன்னேன். நோய் வந்த பிறகு அடித்தால் பெரிதாகக் கேட்காது. விதையிலேயே கலக்கவேண்டும், நடுவதற்கு முன்னால் நாற்றின் வேரை அதில் நனைக்கவேண்டும், அதன் பிறகு தெளிக்கவேண்டும். அப்படிச் செய்த பாத்திகளில் நோய் பாதிக்குக் கீழே குறைந்தது. ஆனால் விடாமல் மூட்டம் போட்ட வாரங்களில் அது தோற்றது. அப்போது கடை மருந்து இல்லாமல் முடியாது. எந்த வாரத்தில் அது தோற்கும் என்று முன்கூட்டியே சொல்ல என்னால் முடியவில்லை, அதுதான் இந்த ஆராய்ச்சியின் குறை என்றும் சொன்னேன்.

"அப்போ, விதைக்குப் போட்டுட்டு, மானத்தப் பாத்துகினு இருக்கணும்" என்றார் அக்கா.

"ஆமாக்கா."

"செரி" என்று உட்கார்ந்தார்.

அந்தச் சம்பாவில் தன் நிலத்தில் ஒரு துண்டுக்கு மட்டும் அவர் அப்படியே செய்து பார்த்தார். நோய் வந்தது, ஆனால் குறைவாக வந்தது. கடை மருந்தை ஒரே ஒரு முறை அடித்தாராம். அதற்கடுத்த வருடம் இரண்டு துண்டுக்குச் செய்தார்.